தீர்ப்பு வரும்வரை குழந்தைக்கு ஓர் ஏற்பாடு

விவாகரத்துக்கு மனுப் போட வருகிறவர்கள் எல்லோரும் கடைசித் தீர்ப்பைப் பற்றித்தான் கேட்பார்கள். குழந்தை யாரிடம் வரும், ஜீவனாம்சம் எவ்வளவு கிடைக்கும், வீடு என்னாகும் என்று. அந்தத் தீர்ப்பு எப்போது வரும் என்று எந்த வக்கீலாலும் சொல்ல முடியாது. மூல மனுவுக்கு ஓ.பி. எண் விழுந்து, எதிர்தரப்புக்குச் சம்மன் போய், வீடு பூட்டியிருக்கிறது என்று திரும்பி வந்து, மறுபடி போய், பதிலுரை தாக்கலாகி, கவுன்சலிங், சமரச மையம், சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை என்று வாய்தாக்கள் நகரும். எல்.கே.ஜி. சீருடையோடு வந்த குழந்தை, வழக்கு முடியும்போது மூன்றாம் வகுப்போ நாலாம் வகுப்போ படித்துக்கொண்டிருக்கும்.

குடும்ப நல நீதிமன்றத்தில் ஆலோசகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பேரன் பேத்தி எடுத்த வயதில் இதை எழுதுகிறேன். வழக்கு நடக்கும் காலத்துக்கென்று நீதிமன்றம் போடுகிற இடைக்கால உத்தரவுதான் பிள்ளையின் வாழ்க்கையை அதிகம் தீர்மானிக்கிறது. இதை நான் உறுதியாகச் சொல்வேன். வீடு கட்டி முடியும்வரை குடும்பம் கொட்டகையில்தான் குடியிருந்தாக வேண்டும். கட்டடம் முடிய வருடக்கணக்காகும் என்று தெரிந்தால் கொட்டகையை ஒழுகாமல் போட்டுக்கொள்வோம் இல்லையா? மேலும், கடைசித் தீர்ப்பு வருவதற்குள் குழந்தைக்கு ஒரு பள்ளிக்கூடம், ஒரு தெரு, சில நண்பர்கள், தூங்கிப் பழகிய ஓர் அறை எல்லாம் அமைந்துவிடும். அதைக் கலைக்க எந்த நீதிபதியும் தயங்குவார். வக்கீல் அலுவலகத்தில் ஐ.ஏ. என்று சொல்லி அவசரமாக டைப் அடிக்கப்படும் அந்த இடைக்கால மனுவுக்கு, மூல மனுவைவிட அதிகக் கவனம் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆவது பிரிவின்படி, வழக்கு நடக்கும்போதே குழந்தை யாரிடம் இருப்பது, அதன் பராமரிப்புச் செலவு, படிப்பு ஆகியவை பற்றி நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போடலாம். கூடுமானவரை பிள்ளையின் விருப்பத்தையும் பார்த்துப் போட வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. 24-ஆவது பிரிவின்படி, தன் பிழைப்புக்குப் போதிய வருமானம் இல்லாதவர், கணவனோ மனைவியோ, வழக்குச் செலவும் மாதப் பராமரிப்பும் கேட்கலாம். எந்த மதத்தவரானாலும் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டத்தில் 12-ஆவது பிரிவின் கீழ்க் குழந்தைக்கு இடைக்காலப் பாதுகாப்புக் கேட்க வழி இருக்கிறது. பராமரிப்புக் கேட்கும் மனுவை, எதிர்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாட்களுக்குள் கூடியவரை முடிக்க வேண்டும் என்று இந்து திருமணச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நடப்பில் அது நீளும். ஆனாலும் அந்த வரி சட்டத்தில் இருக்கிறதே! ஒவ்வொரு வாய்தாவிலும் அதை எடுத்துச் சொல்லும்படி உங்கள் வக்கீலிடம் கேளுங்கள்.

மனுவில் என்ன எழுதுவது என்பதில்தான் நான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

பெரும்பாலான பிரமாணப் பத்திரங்கள் ஒரே அச்சில் வார்த்தவை. கல்யாணம் நடந்த மண்டபத்தில் ஆரம்பித்து, போட்ட சவரன், மாமியார் பேசிய பேச்சு, நாத்தனார் செய்த கொடுமை, கணவனின் குடி, மனைவியின் கைபேசி என்று பக்கம் பக்கமாகப் போகும். கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: குழந்தையை என்னிடம் ஒப்படைக்க உத்தரவிட வேண்டும். அந்தக் குழந்தை காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கும், யார் கையால் சாப்பிடும், வேனில் ஏற்றிவிடுவது யார், வீசிங் இருக்கிறதா, இன்ஹேலர் யாரிடம் இருக்கிறது, ராத்திரி யாரைக் கட்டிக்கொண்டு தூங்கும், இதில் ஒன்றுகூட அந்தப் பத்திரத்தில் இருக்காது. நீதிபதி தெரிந்துகொள்ள வேண்டியவை அவைதாம். ஒரு நாளில் அவர் முன்னால் வரும் வழக்குப் பட்டியல் நீளமானது. வசைகளைப் படித்துப் படித்து அவருக்கு எல்லாக் குடும்பமும் ஒன்றுபோலத் தெரியும். ‘காலை 8.10-க்கு வேன், மாலை 3.45-க்குத் திரும்பும், நான் வேலையிலிருந்து வரும்வரை என் அம்மா பார்த்துக்கொள்கிறார், செவ்வாயும் வியாழனும் பாட்டு வகுப்பு’ என்று எழுதினால், அவர் கண்முன் ஒரு பிள்ளை வந்து நிற்கும்.

இன்னொன்றும் அந்த மனுவில் இருக்க வேண்டும். மற்றவர் குழந்தையை எப்போது, எப்படிப் பார்க்கலாம் என்று நீங்களே முன்வந்து எழுதுங்கள். ‘அவனுக்கு எதற்கு நான் வழி சொல்ல வேண்டும்’ என்று பெண்கள் கொதிப்பார்கள். ‘அவள் கேட்கட்டும் பார்க்கலாம்’ என்பார்கள் ஆண்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் மற்ற பெற்றோருக்கும் இடம் வைத்து வருகிற மனுவை நீதிமன்றம் நம்புகிறது. பிள்ளையும் பிழைக்கிறது.

அந்த ஏற்பாடு நுணுக்கமாக இருக்க வேண்டும். ‘வாரம் ஒருமுறை குழந்தையைப் பார்க்கலாம்’ என்று மொட்டையாக ஒரு உத்தரவு வாங்கிக்கொண்டு போனவர்கள், அடுத்த மாதமே திரும்பி வந்து நிற்பார்கள். எந்தக் கிழமை? எங்கே? யார் கொண்டுவந்து விடுவது? அரை மணி தாமதமானால் காத்திருப்பதா, போய்விடுவதா? குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அந்த வாரம் போனது போனதுதானா, ஈடுகட்ட வேண்டுமா? பரீட்சை சமயத்தில்? தீபாவளிக்கு? ஒவ்வொரு கேள்வியும் ஒரு சண்டை, ஒவ்வொரு சண்டையும் ஒரு புது மனு. யஷிதா சாஹு வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: பார்க்கும் உரிமையை எந்த விதத்தில், என்ன விவரங்களோடு கொடுக்கிறோம் என்று நீதிமன்றங்கள் வரையறுத்துச் சொல்ல வேண்டும், குழந்தை தன்னிடம் இல்லாத பெற்றோருக்கு, தனிக்காரணம் இல்லாவிட்டால் தினமும் ஐந்து பத்து நிமிடமாவது அதனோடு பேச உரிமை வேண்டும், வீடியோ அழைப்பும் அதில் சேரும். ஆகவே கேட்கும்போதே முழுசாகக் கேளுங்கள். முதல், மூன்றாம் சனிக்கிழமை காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை. இந்த வருடம் தீபாவளி இங்கே, பொங்கல் அங்கே, அடுத்த வருடம் மாற்றி. கோடை விடுமுறையில் பாதி. தினமும் இரவு 7.30-க்கு வீடியோ அழைப்பு. பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்துக்கு இருவரும் போகலாம். இப்படி எழுதிய உத்தரவில் சண்டைக்கு இடுக்கு குறைவு.

சின்னக் குழந்தையைப் பற்றி ஒன்று. ஐந்து வயது நிரம்பாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் 6-ஆவது பிரிவில் சொல்கிறது. ரொக்சான் சர்மா வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் இடைக்கால நிலையிலேயே அதை வலுவாகப் பிடித்துக்கொண்டது. இதை வைத்துக்கொண்டு, ‘ஐந்து வயது வரை அப்பன் முகத்தைக் காட்ட வேண்டியதில்லை’ என்று சில வீட்டார் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவு குழந்தையின் நலனையே எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறது. தகப்பனை மறந்துபோவது எந்தக் குழந்தைக்கும் நலன் ஆகாது.

விவரம் தெரிந்த பிள்ளையாக இருந்தால் நீதிபதி தன் அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகப் பேசுவார். முந்தின நாள் இரவு வீட்டில் பாடம் நடக்கும். ‘அப்பா வேண்டாம்னு சொல்லு’, ‘அம்மா அடிச்சான்னு சொல்லு.’ பிள்ளைகள் அதை ஒப்பிப்பார்கள். ஒப்பிக்கும்போது கண் வாசலைப் பார்க்கும். நீதிபதிக்கும் தெரியும், ஆலோசகருக்கும் தெரியும். சொல்லிக்கொடுத்தது தெரிந்துவிட்டால் சொல்லிக்கொடுத்தவருக்குத்தான் நஷ்டம். அதைவிட மோசமானது, அந்தப் பிள்ளைக்குள் ஏற்படும் குற்ற உணர்ச்சி. தான் சொன்ன ஒரு வார்த்தையால்தான் அப்பா போய்விட்டார் என்று வருடக்கணக்காகச் சுமந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். பெரியவர்களே, இந்தப் பாவம் வேண்டாம்.

சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் குடும்ப நல நீதிமன்றத்தோடு சேர்ந்து ஒரு குழந்தைகள் மையம் இருக்கிறது. பார்க்கும் நாட்களில் அங்கே போய்ப் பார்த்தால் கல் மனசும் கரையும். ஒரு பெரிய ரிமோட் காரைத் தூக்கிக்கொண்டு அப்பா நிற்பார். கூட இரண்டு அத்தைகள், ஒரு சித்தப்பா. குழந்தை மிரண்டு அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொள்ளும். உடனே அந்தப் பக்கம் ‘சொல்லிக்கொடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கா’ என்று ஆரம்பிக்கும். இந்தப் பக்கம் ‘பார்த்தீங்களா, குழந்தைக்கே பிடிக்கலை’ என்று பதில் வரும். அடுத்த மனுவில் இரண்டும் ஏறிவிடும். முதல் அரை மணி நேரம் அழுவது குழந்தையின் இயல்பு. எல்.கே.ஜி.யில் விட்ட முதல் நாளும் அது அழுதது, அதற்காகப் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டோமா? தனியாக வாருங்கள். புது விளையாட்டுச் சாமானைவிட, அது வீட்டில் வைத்து விளையாடிய பழைய பொம்மையைக் கொண்டு வாருங்கள். தரையில் உட்காருங்கள். ‘அம்மா என்னைப் பத்தி என்ன சொன்னா?’ என்று கேட்காதீர்கள். குழந்தையை வைத்திருப்பவரும், அது வீடு திரும்பியதும் ‘அங்கே என்ன நடந்தது?’ என்று துருவ வேண்டாம். அடி, குடிபோதை, தவறான தொடுதல் என்று உண்மையாகவே ஆபத்து இருந்தால், அதை ஒளிக்காமல் நீதிமன்றத்தில் சொல்லி, மேற்பார்வையில் மட்டும் சந்திக்க உத்தரவு கேளுங்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி, சந்திப்பு குழந்தைக்குக் கெடுதல் என்று கண்டால் நீதித்துறை நடுவர் அதை மறுத்தாக வேண்டும்.

குழந்தையை ராவோடு ராவாகச் சொந்த ஊருக்குக் கொண்டுபோய், அங்கே ஒரு பள்ளியில் சேர்த்துவிட்டு, அப்புறம் வழக்குப் போடுகிற தந்திரமும் நடக்கிறது. குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றத்துக்குத்தான் காப்பாளர் வழக்கில் அதிகாரம். தூக்கிக்கொண்டு ஓடியவர் மீது முதல் வாய்தாவிலேயே நீதிமன்றத்துக்குச் சந்தேகம் விழுந்துவிடும்.

சொத்து விஷயத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் பெரும்பாலும், பிரிந்தால் ஆளுக்குப் பாதி என்று தானாகப் பிரித்துக்கொடுக்கும் சட்டம் இல்லை. யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது என்பதே பொது விதி. அதனால் இடைக்கால உத்தரவின் வேலை, இருப்பதைக் கலையாமல் காப்பதும், தலைக்கு மேல் கூரையை உறுதி செய்வதும்தான். பெண்ணுக்குப் போட்ட நகையும் சீரும் அவளுக்கே முழு உரிமையானவை என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் சொல்லிவிட்டது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், வீட்டை விற்காதே, லாக்கரைத் திறக்காதே, கணக்கிலிருந்து பணத்தை எடுக்காதே என்று தடை வாங்கலாம். குடியிருக்கும் வீட்டிலிருந்து வெளியேற்றாதே என்று உத்தரவு வாங்கலாம். சீதனத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லலாம். இந்த நிவாரணங்களைக் குடும்ப நல நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கிலேயே கேட்க அதே சட்டத்தின் 26-ஆவது பிரிவு வழிவிடுகிறது. பலருக்கு இது தெரியாது. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும், மனைவி அங்கே குடும்பம் நடத்தியிருந்தால் அவள் தங்கும் உரிமை கேட்கலாம் என்று 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அதனால் வீடு மருமகளுக்குச் சொந்தமாகிவிடாது. வழக்கு முடியும்வரை தெருவில் நிற்காமல் இருக்க அது ஒரு பாதுகாப்பு, அவ்வளவுதான்.

நகைக்குக் கணக்கு வேண்டும். நகைக்கடை பில், கல்யாண ஆல்பம், லாக்கர் சாவி யாரிடம், கடைசியாக யார் திறந்தது, எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். கல்யாண ஆல்பம் நல்ல சாட்சி. ஒட்டியாணமும் கையில் போட்ட வங்கியும் அதில் தெரியும். கூட்டுக் கணக்கை முடக்கச் சொல்லும்போது மட்டும் நிதானியுங்கள். அந்தக் கணக்கிலிருந்துதான் வீட்டுக் கடன் தவணை போகிறது, பள்ளிக் கட்டணம் போகிறது என்றால், அந்த இரண்டுக்கும் விலக்குக் கேட்டு எழுத வேண்டும். கோபத்தில் மொத்தமாக முடக்கி, தவணை தவறி, வங்கி நோட்டீஸ் ஒட்டியபின் இரண்டு பேரும் சேர்ந்து தவித்த குடும்பங்கள் உண்டு.

பணத்தைப் பற்றி ஒளிக்காதீர்கள். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட வழிமுறைப்படி, பராமரிப்பு வழக்கில் இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம், செலவு எல்லாவற்றையும் காட்டிப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தாக வேண்டும். மனுப் போட்ட நாளிலிருந்தே தொகை கணக்கிடப்படும். வேறு நீதிமன்றத்தில் ஏற்கெனவே ஒரு தொகை வாங்கியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். வழக்கு வந்ததும் வேலையை விட்டுவிட்டேன் என்று ராஜினாமாக் கடிதம் காட்டுகிற ஆண்களையும், வேலைக்குப் போய்க்கொண்டே வருமானமில்லை என்று சத்தியம் செய்கிற பெண்களையும் நீதிமன்றம் நிறையப் பார்த்திருக்கிறது. பி.எஃப். கணக்கும் வங்கி ஸ்டேட்மெண்ட்டும் ஒரே வாய்தாவில் உண்மையைச் சொல்லிவிடும். ஒருமுறை பொய் என்று தெரிந்தால், அதன்பின் நீங்கள் குழந்தையைப் பற்றிச் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அடி உதை இருக்கும் வீட்டுக்கு நான் இதுவரை சொன்ன நிதானம் எதுவும் பொருந்தாது. அங்கே காத்திருக்கக் கூடாது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி, பாதிக்கப்பட்டவரின் பிரமாணப் பத்திரத்தை வைத்தே, எதிர்தரப்பைக் கேட்காமல் நீதித்துறை நடுவர் உடனே உத்தரவு போட முடியும். ஒவ்வொரு மாவட்டத்திலும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181 என்ற எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம். ‘கொஞ்சம் பொறுத்துப் போம்மா, பிள்ளைக்காக’ என்று அந்த நிலையில் ஒரு பெண்ணிடம் சொல்லும் பெரியவர் யாராக இருந்தாலும் அவர் சொல்வது தவறு. அப்படி ஆபத்து இல்லாத குடும்பத்தில், எதிர்தரப்புக்குத் தெரியாமல் எக்ஸ்பார்ட்டியாக ஓர் உத்தரவை வாங்கி, வாட்ஸ்அப்பில் அனுப்பி வெற்றி கொண்டாடுவது வேறு. அந்த ஒரு நாள் சந்தோஷத்துக்கு அடுத்த ஐந்து வருடச் சமாதானத்தை விலையாகக் கொடுக்கிறார்கள்.

உத்தரவு வந்துவிட்டால், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதன்படி நடக்க வேண்டும். இடைக்கால உத்தரவை எதிர்த்து வழக்கமான மேல்முறையீடு செய்யக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு இடம் தரவில்லை; சீராய்வு மனுவோடு உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். ஆனால் நிலைமை மாறினால், அதாவது வேலை மாற்றல், நோய், புதுப் பள்ளிக்கூடம் என்று ஏதாவது வந்தால், உத்தரவு போட்ட அதே நீதிமன்றத்தில் மாற்றித் தரும்படி கேட்கலாம். பிள்ளை வளர வளர ஏற்பாடும் வளர வேண்டியதுதான்.

தாத்தா பாட்டிகளே, என் வயதுக்காரர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வழக்குப் போடுகிறவர்கள் நம் பிள்ளைகள். பாதி சண்டையை ஊட்டி வளர்க்கிறவர்கள் நாம். ‘நம்ம வீட்டு ரத்தம்’, ‘நம்ம பேரன்’ என்று நாம் பேசுகிற பேச்சுதான் மனுவில் பிடிவாதமாக மாறுகிறது. மகளோ மகனோ வீட்டுக்கு வந்து நிற்கும்போது, சொந்தக்காரர்களுக்குப் போன் போடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து அந்தப் பேரப்பிள்ளையின் ஒரு வாரத்தை எழுதச் சொல்லுங்கள். திங்கள் முதல் ஞாயிறு வரை, காலை முதல் இரவு வரை. அந்தத் தாளை வக்கீலிடம் கொடுங்கள். குழந்தையைப் பார்க்கும் நாளில் வாசலில் நின்று முறைக்காமல், சம்பந்தி வந்தால் ஒரு வார்த்தை நல்லபடியாகப் பேசி அனுப்புங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று மனுவைத் தள்ளிப்போடவும் வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் கிடைக்கும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்த ஆண்கள் ஆகியோருக்கும் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கும். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 15100.